சொல்லத் தெரிந்த பிள்ளையும் கேட்கத் தெரிந்த பெரியோரும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

 

கல்விக் குழு இம்மேடைக்கு வரும்போதெல்லாம் தேர்ச்சி விழுக்காடு, உதவித்தொகை, உயர்கல்வி வழிகாட்டல் ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். அவற்றின் கணக்கு இம்மலரின் வேறு பக்கங்களில் தரப்பட்டுள்ளது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது மதிப்பெண் அட்டையில் இடம்பெறாத ஒரு பாடம். ஐந்து வயது முதல் பத்து வயது வரையிலான நம் பிள்ளைகள் தம் உடலை அறிந்து பேணவும், மனத்தில் எழும் உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்லவும், பிறரோடு நல்லுறவு கொள்ளவும், தமக்குத் தீங்கு நேரும்போது தயங்காமல் வாய்திறக்கவும் கற்றுத்தரும் கல்வியே அது.

இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் சிலர் முகத்தில் தயக்கம் தோன்றுவது இயல்பு. "பள்ளிவாசல் வளாகத்தில் பேச வேண்டிய பொருளா இது?" என்று எண்ணுவோரும் இருக்கலாம். அந்தத் தயக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளைகளின் வெட்கத்தையும் கண்ணியத்தையும் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்திலிருந்தே அது பிறக்கிறது. ஆனால் அதே கண்ணியத்தைக் காப்பதற்காகத்தான் இதைப் பேசியாக வேண்டியிருக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறோம்.

இக்கல்வி யாது?

இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளில் இது "தனிநபர், சமூக, உடல்நலக் கல்வி" என்ற பெயரால் நெடுநாளாக வழங்கி வருகிறது. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியே, 2020 செப்டம்பர் முதல் அந்நாட்டின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் உறவுக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அரசு நிதி பெறும் பள்ளிகளில் உடல்நலக் கல்வியும் அவ்வாறே கட்டாயமாயிற்று. அதில் அடங்குவன எவை என்று பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கும். குடும்பம் என்பது அன்பும் பாதுகாப்பும் தரும் இடம்; நட்பு எப்படி அமைய வேண்டும்; பிறரை மதிப்பது, கேலியும் கொடுமைப்படுத்தலும் கூடாது என்பது; இணையத்தில் எச்சரிக்கையாக இருப்பது; தன் உடல் தனக்குரியது என்றறிந்து, தீங்கு நேரின் பெரியவர்களிடம் சொல்வது; உறக்கம், உணவு, பல் துலக்குதல், கை கழுவுதல், மனச்சோர்வு, முதலுதவி — இவையே அதன் பெரும்பகுதி. ஆண் பெண் சேர்க்கை பற்றிய பாடம் அங்கும் தொடக்கப் பள்ளிக்குக் கட்டாயமில்லை. ஒரு பள்ளி அதை நடத்த முன்வந்தாலும், அறிவியல் பாடத்தில் உள்ளது நீங்கலாக மற்றவற்றிலிருந்து தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோர் கோரலாம்.

அந்நாட்டிலும் இது சச்சரவின்றி நடந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் முஸ்லிம் பெற்றோர் மிகுதியாக உள்ள இரு தொடக்கப் பள்ளிகளின் வாயிலில், குடும்ப வகைகள் குறித்த பாடங்கள் தொடர்பாகப் பல வாரங்கள் போராட்டம் நடைபெற்றது. ஒரு பள்ளியில் அப்பாடத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டுப் பெற்றோரோடு பேசப்பட்ட பின்னர், மாற்றங்களுடன் மீண்டும் தொடங்கியது. மற்றொரு பள்ளியின் வாயிலில் போராடுவதை நீதிமன்றமே தடை செய்ய நேர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. என்ன கற்பிக்கப்படுகிறது என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியாத இடத்தில் வதந்தி புகுந்து விடுகிறது. வதந்தி புகுந்த பின் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே மதில் எழுந்து விடுகிறது. அம்மதிலுக்குக் கீழே நசுங்குவது குழந்தைதான்.

நம் நாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. 2007ஆம் ஆண்டளவில் பதின்பருவ மாணவர்க்கான கல்வித் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டு வந்தபோது, அதன் கையேட்டில் இருந்த படங்களையும் சொற்களையும் எதிர்த்துப் பல மாநிலங்கள் அதை ஏற்க மறுத்தன. கையேட்டின் குறைகள் மீதான எதிர்ப்பு, பொருளின் மீதான எதிர்ப்பாகவே முடிந்து போயிற்று.

அந்த ஆண்டிலேயே வெளிவந்த மற்றோர் அறிக்கை

மேற்சொன்ன எதிர்ப்புகள் எழுந்த அதே 2007ஆம் ஆண்டில், மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், குழந்தைகள் மீதான கொடுமைகள் பற்றிய தேசிய அளவிலான ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டறிந்து எழுதப்பட்டது அது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகக் கூறினர். தீங்கிழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள். அதன் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள். பாதிக்கப்பட்டோரில் ஆண் குழந்தைகளே சற்று அதிகம். எல்லாவற்றிலும் கவலைக்குரியது, அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதாகும்.

பெரியோர்களே, இந்த அறிக்கை நம் மூன்று நம்பிக்கைகளை அசைக்கிறது.

முதலாவது, "அந்நியரிடம் பேசாதே, அவர் கொடுக்கும் மிட்டாயை வாங்காதே" என்ற எச்சரிக்கை போதும் என்னும் நம்பிக்கை. அந்நியரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லதே. ஆனால் தீங்கு அறிமுகமான முகத்தோடு வரும்போது அந்த எச்சரிக்கை பயன்படாது. வீட்டுக்கு வந்து போகும் உறவினர், வேன் ஓட்டுநர், டியூஷன் சொல்லித் தருபவர், அண்டை வீட்டு அண்ணன் என்று பிள்ளை "மாமா", "காக்கா" என உறவுமுறை சொல்லி அழைக்கும் ஒருவராகவே அவர் இருக்கக்கூடும். இதைக் கேட்டு எல்லா உறவினரையும் சந்தேகக் கண்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. தொண்ணூற்றொன்பது நல்லவர்களை நம்புவதற்குத் தடையில்லாமல், நூறாவது ஆளிடமிருந்து தப்பிக்கும் வழியைப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதே இக்கல்வியின் நோக்கம்.

இரண்டாவது, இது பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கவலை மட்டுமே என்னும் நம்பிக்கை. ஆண் பிள்ளையைத் தனியே எங்கும் அனுப்பலாம், யாரோடும் தங்க வைக்கலாம் என்று நாம் எண்ணி வருகிறோம். "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்ற ஒரே கேள்வியால் அவன் வாயையும் அடைத்து விடுகிறோம்.

மூன்றாவது, ஏதேனும் நடந்தால் நம் பிள்ளை நம்மிடம் சொல்லி விடும் என்னும் நம்பிக்கை. சொல்வதற்குச் சொல் வேண்டாமா? கை, கால், கண், மூக்கு என்று பிறந்த இரண்டாம் ஆண்டிலிருந்தே பெயர் சொல்லிப் பழக்குகிறோம். மறைவுறுப்புகளுக்கு மட்டும் பெயரே இல்லாததுபோல் நடந்துகொள்கிறோம். அல்லது "ச்சீ" என்று சொல்லி முகம் சுளிக்கிறோம். பெயர் தெரியாத இடத்தில் நேர்ந்த தீங்கைக் குழந்தை எவ்வாறு சொல்லும்? "ச்சீ" என்று கற்ற ஒன்றைப் பற்றிப் பேசினால் தனக்கே ஏச்சு விழும் என்றல்லவா அது அஞ்சும்? வயிற்றுவலி என்கிறது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது, உறக்கத்தில் படுக்கையை நனைக்கிறது. நாமோ அதை அடம் என்று எண்ணிக் கண்டிக்கிறோம்.

வகுப்புக்கு ஏற்ற பாடம்

இக்கல்வியைப் பிள்ளையின் வயதுக்கேற்பப் படிப்படியாகவே தர வேண்டும். அதன் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதல் இரண்டு வகுப்புகளில், உடலுறுப்புகளின் பெயர்களை, மறைவுறுப்புகள் உட்பட, வெட்கமும் கேலியும் இன்றி நாகரிகமான சொற்களால் அறிமுகம் செய்தல். மகிழ்ச்சி, கோபம், பயம், வருத்தம், கூச்சம் என்று தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழக்குதல். கைகளைச் சோப்பிட்டு இருபது நொடிகள் கழுவுதல், கழிப்பறையை முறையாகப் பயன்படுத்துதல், தானே தூய்மை செய்துகொள்ளுதல். உள்ளாடை மறைக்கும் இடங்களைத் தாய், தந்தை தூய்மைக்காகவும், மருத்துவர் பெற்றோர் உடனிருக்கையில் சிகிச்சைக்காகவும் தொடலாமேயன்றி, வேறெவரும் தொடவோ பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது என்று தெளிவாகச் சொல்லுதல்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று சொல்வது பழக்கமாகி விட்டது. அதைவிடப் "பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்" என்று சொல்வதே பொருத்தம். ஊசி போடுவது வலிக்கும். எனினும் அது பாதுகாப்பானது. தீய எண்ணத்தோடு கொஞ்சுவது குழந்தைக்கு வலிக்காமலும் இருக்கலாம். எனினும் அது பாதுகாப்பற்றது. மேலும், "கெட்டது" தன் உடலில் நடந்ததால் தானே கெட்ட பிள்ளையாகி விட்டோம் என்று குழந்தை எண்ணிவிடக் கூடாது.

மூன்றாம் வகுப்பளவில் கற்பிக்க வேண்டியவை வேறு சில. மறைத்து வைக்க வேண்டிய ரகசியத்துக்கும், சில நாள் கழித்து எல்லாரும் அறிந்து மகிழப்போகும் இனிய செய்திக்கும் உள்ள வேறுபாடு அவற்றுள் முதன்மையானது. பெருநாளுக்கு உம்மாவுக்கு வாங்கிய புடவையைச் சொல்லாமல் வைப்பது பின்னது. "இதை உன் வாப்பாவிடம் சொன்னால் தொலைத்துவிடுவேன்" என்று ஒருவர் சொல்வது முன்னது. அதை உடனே சொல்லிவிட வேண்டும். ஒரு கையின் ஐந்து விரல்களுக்கும் நம்பிக்கைக்குரிய ஐந்து பெரியவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, முதலாமவர் நம்பாவிட்டால் இரண்டாமவரிடம், அவரும் நம்பாவிட்டால் மூன்றாமவரிடம் சொல்லப் பழக்குவதும் இவ்வயதுக்குரியது. பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்தல், ஒருவனை மட்டும் விளையாட்டிலிருந்து ஒதுக்குதல், நிறத்தையும் உடலையும் ஏளனம் செய்தல் ஆகியவை பிறர் மனத்தை எவ்வாறு புண்படுத்தும் என்பதையும் இவ்வயதிலேயே உணர்த்தலாம். தன் உடல் தனக்குரியது என்று கற்கும் பிள்ளை, பிறர் உடலும் பிறர்க்குரியது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் இருவற்றைச் சேர்க்க வேண்டும். ஒன்று, கைப்பேசியும் இணையமும். வீட்டு முகவரி, பள்ளியின் பெயர், தன் புகைப்படம், ஓ.டி.பி. எண் ஆகியவற்றை யாருக்கும் அனுப்பலாகாது; விளையாட்டுச் செயலியில் பேசும் "நண்பன்" பத்து வயதுச் சிறுவனாகவே இருக்க வேண்டியதில்லை; அருவருப்பான படம் ஒன்று திரையில் வந்துவிட்டால் அது உன் குற்றமன்று, உடனே காட்டிவிடு என்று சொல்லித் தருதல் வேண்டும்.

மற்றொன்று, பருவ மாற்றம். ஒன்பது, பத்து வயதிலேயே பூப்பெய்தும் சிறுமியர் இருக்கிறார்கள். எதுவும் அறியாத பிள்ளைக்கு வகுப்பறையில் உதிரம் கண்டால் தனக்கு ஏதோ பெருநோய் என்றே தோன்றும். ஆறு மாதம் முன்னதாகவே தாயோ ஆசிரியையோ இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அந்தப் பேரச்சம் இல்லை. தமிழக அரசு 2012ஆம் ஆண்டு முதல் "புதுயுகம்" திட்டத்தின் கீழ் 10 முதல் 19 வயதுவரையிலான பெண்களுக்கு இலவச அணையாடை வழங்கி வருகிறது; அந்தத் திட்டம் பத்து வயதிலிருந்தே தொடங்குகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் தம் உடலில் வரவிருக்கும் மாற்றத்தைத் தந்தையோ ஆசிரியரோ சொல்லிவைப்பது கடமையாகும்.

இது நமக்குப் புதிதா?

இக்கல்வி மேனாட்டிலிருந்து வந்த இறக்குமதி என்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வு கொள்ளும் வேளை, இஷாத் தொழுகைக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பருவமெய்தாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்ற ஒழுங்கைத் திருமறையின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. பத்து வயதில் படுக்கைகளைப் பிரித்து வைக்குமாறு நபிமொழி அறிவுறுத்துகிறது. தனிமைக்கு எல்லை உண்டு, உடலுக்கு மரியாதை உண்டு, அனுமதி என்று ஒன்று உண்டு என்பதைச் சிறு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்த மரபு நம்முடையது. தூய்மையின் சட்டங்களைப் படிக்கும்போது மக்தப் பிள்ளைகள் உடலைப் பற்றிய சொற்களை ஓதியே கடக்கிறார்கள். ஆகவே சொல்லலாமா என்பது நம்மிடையே கேள்வியன்று. எந்த வயதில், எந்தச் சொல்லால், யார் சொல்வது என்பதே கேள்வி.

"இவற்றையெல்லாம் சொன்னால் பிள்ளை பயந்துவிடாதா? அறியாததை அறிந்து கெட்டுவிடாதா?" என்ற ஐயமும் எழும். பள்ளிகளில் தரப்படும் இத்தகைய பாதுகாப்புக் கல்வியைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ 5,800 மாணவர்கள் பங்கேற்ற ஆய்வுகள் அவை. பாடம் கேட்ட பிள்ளைகளின் அறிவும், தம்மைக் காத்துக்கொள்ளும் திறனும் கூடின என்றும், அவர்களிடம் அச்சமோ பதற்றமோ மிகுந்ததற்குச் சான்றில்லை என்றும் அது கூறுகிறது. சாலையைக் கடக்கக் கற்றுத் தந்தால் பிள்ளை சாலையைக் கண்டு அஞ்சுவதில்லை, கவனமாகக் கடக்கிறது. இதுவும் அத்தகையதே.

கேட்கும் செவி

இதுவரை பிள்ளைக்குக் கற்பிப்பதைப் பற்றியே பேசினோம். ஆனால் தன்னைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது நீதியாகாது. காக்க வேண்டியவர்கள் நாம். பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்து, பெரியவருக்குக் கேட்கத் தெரியாமற் போனால் அக்கல்வி வீணே.

ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது என்ன செய்ய வேண்டும்? முதலில், நம்ப வேண்டும். "நீ சொன்னது நல்லது. இது உன் தவறன்று. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற மூன்று வாக்கியங்களே அப்போது தேவை. "ஏன் அங்கே போனாய்? ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்கலாகாது. திரும்பத் திரும்பப் பலர் முன்னிலையில் சொல்ல வைக்கலாகாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பொய்யாக வாக்களிக்கவும் கூடாது. ஏனெனில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

2012ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, போக்சோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இரு பாலாரையும் காக்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்கு ஏதும் வராது என்றும் அச்சட்டம் உறுதியளிக்கிறது. கல்வி நிலையத்திலோ சமய நிறுவனத்திலோ பணியாற்றுபவர் அங்குள்ள குழந்தைக்குத் தீங்கிழைத்தால், அது மேலும் கடுமையான குற்றமாகக் கருதப்படும்.

ஜமாஅத் பெருமக்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கணவன் மனைவி பிணக்கு, பாகப்பிரிவினை, கொடுக்கல் வாங்கல் என்று எத்தனையோ வழக்குகளை இந்த அலுவலகத்தில் அமர்ந்து பேசித் தீர்த்து வருகிறோம். அது நம் பெருமை. ஆனால் குழந்தைக்கு எதிரான இக்குற்றம் பேசித் தீர்க்கக் கூடியதன்று. இரு வீட்டாரையும் அழைத்து வைத்து, குடும்ப மானம் கருதி, எழுதி வாங்கி முடித்துவிடும் அதிகாரம் எந்த ஜமாஅத்துக்கும் எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், பிள்ளையின் தந்தையோடு சமரசம் ஏற்பட்டது என்ற காரணத்தால் இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. மானம் போய்விடும் என்கிறோம். தவறு செய்தவரின் மானத்தைக் காக்கப் பிள்ளையின் வாழ்வை விலையாகக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்? ஒருவரை மறைத்து விட்டால், அடுத்த பிள்ளைக்கு நேரும் தீங்கில் நமக்கும் பங்குண்டு.

காவல் நிலையம் என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் காவல் அதிகாரியே, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பிள்ளையின் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணும், தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் இருக்கின்றன. இவ்விரு எண்களையும் நம் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கல்விக் குழு இப்பொதுக்குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறது.

முதலாவது, நம் மக்தபிலிருந்தே தொடங்குவோம். பிள்ளைகள் ஓதும் அறையின் கதவு திறந்தே இருக்கட்டும். பாடம் முடிந்த பின் ஒரு பிள்ளையை மட்டும் தனியே நிறுத்தி வைக்கும் வழக்கம் வேண்டாம். பிள்ளைகளை எவரும் சொந்த ஏவல் வேலைக்கு அனுப்ப வேண்டாம். புகார் சொல்ல ஓர் ஆலிமாவும் ஒரு மூத்த உறுப்பினரும் நியமிக்கப்படட்டும். இவ்வேற்பாடு நம் ஹஜ்ரத்மார்களின் மீதுள்ள ஐயத்தால் அன்று. அவர்களின் நற்பெயருக்கும் இதுவே அரண்.

இரண்டாவது, பிரம்பை விட்டுவிடுவோம். பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன வேதனைப்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. அதே அளவுகோலை மக்தபிலும் வீட்டிலும் கொள்வோம். பெரியவர் எவரும் தன் உடலை என்னவும் செய்யலாம் என்று அடியின் மூலம் கற்ற பிள்ளை, தீயவன் ஒருவன் கைவைக்கும்போது மட்டும் எப்படி "வேண்டாம்" என்று சொல்லும்?

மூன்றாவது, பள்ளியில் நம் குரல் ஒலிக்கட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.  நம் மஹல்லாத் தாய்மார்கள் அக்குழுக்களில் அமர்ந்து, வயதுக்கேற்ற பாதுகாப்புக் கல்வி எப்போது, யாரால், எந்த நூலைக்கொண்டு நடத்தப்படுகிறது என்று கேட்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், இத்தகைய பாடப்பொருளைத் தயாரிக்கும் கடமையை மத்திய, மாநில அரசுகளின் மீது சுமத்தியிருக்கின்றன. ஆதலால் நாம் கேட்பது சலுகையன்று. பாட நூலை முன்னதாகவே பார்த்து, சொல்லிலோ படத்திலோ மாற்றம் வேண்டுமாயின் அப்போதே எடுத்துரைப்போம். வாயிலில் நின்று முழங்குவதைவிட உள்ளே அமர்ந்து திருத்துவது மேல்.

நான்காவது, பெற்றோர்க்கான வகுப்பு. ஆண்டுக்கு இருமுறையேனும் தாய்மார்களுக்கு ஒரு பெண் மருத்துவரையும் ஓர் ஆலிமாவையும் கொண்டு வகுப்பு நடத்தலாம். தந்தையர்க்கும் தனியே ஒன்று வேண்டும். இது தாயின் வேலை என்று தந்தையர் ஒதுங்கிக்கொள்வது சரியன்று. நம் மஹல்லாவில் வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உழைக்கும் தந்தையர் பலர். அவர்கள் வீட்டுக்குப் பேசும்போது "நல்லா படிக்கிறியா? உம்மா சொல்றதைக் கேட்கிறியா?" என்ற இரண்டு கேள்விகளோடு பிள்ளையிடமிருந்து கைப்பேசி உம்மாவிடம் சென்றுவிடுகிறது. "இன்று உனக்கு எது சந்தோஷமாக இருந்தது? எது பிடிக்கவில்லை?" என்று இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். சிறிய செய்திகளைப் பொறுமையாகக் கேட்கும் வாப்பாவிடம்தான் பிள்ளை பெரிய செய்தியையும் கொண்டுவரும்.

கண்ணியமிக்க ஜமாஅத் பெருமக்களே! பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுக்காகக் கட்டடம் எழுப்புகிறோம், கட்டணம் செலுத்துகிறோம், பரிசளிப்பு விழா எடுக்கிறோம். அவற்றோடு, சொல்லத் தகுந்த சொல்லையும், சொன்னால் நம்பிக் கேட்கும் செவியையும் சேர்த்துக் கொடுப்போம். இவ்வேண்டுகோள்களை இப்பொதுக்குழு விவாதித்து, தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.

நம் பிள்ளைகள் அனைவரையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்து, அவர்களைக் காக்கும் நற்பொறுப்பை நிறைவேற்றும் ஆற்றலை நமக்கும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.